வடிகட்டியில் வாழும் உயிர்களைக் காத்து வைக்கும் முறை

தறி ஓய்ந்திருக்கும் மாதங்களிலும், வயலில் வேலை குறைந்திருக்கும் நாட்களிலும் குடும்பத்துக்குச் சிறிது வருவாய் தரக்கூடிய உபதொழில்களுள் வண்ண மீன் வளர்ப்பும் ஒன்று. சென்னைக் கொளத்தூரில் பல குடும்பங்கள் இதனையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு வாழ்கின்றன. நம் அங்கத்தினர்களிலும் சிலர் வீட்டுக் கொல்லையில் நாலைந்து தொட்டிகள் வைத்துக் கப்பி, மோலி, பொன்மீன் முதலியவற்றை வளர்த்து வருகிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் தொட்டிகளைக் கவனிக்க எல்லோராலும் இயல்வதில்லை. தீபாவளிக்கு முன் தறி வேலை நெருக்குகிறது. அறுவடைக் காலத்தில் வயல் அழைக்கிறது. கோடையில் தண்ணீர் தட்டுப்படுகிறது. அத்தகைய சமயங்களில் மீன்களை விற்றுவிட்டுத் தொட்டிகளைக் காலி செய்து வைப்பது வழக்கமாகிவிட்டது. தொட்டியைக் காலி செய்யும்போது வடிகட்டியை என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். விஷயம் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் இதில் செய்யும் ஒரு தவறு, அடுத்த பருவத்தின் முதலையே அழித்துவிடக் கூடியது.

ஒரு நெசவாளர் குடும்பத்தில் நிகழ்ந்ததை இங்கு எடுத்துக் கூறுகிறோம். அவர்களிடம் நான்கு தொட்டிகள் இருந்தன. தீபாவளிக்குப் புடவை வேலை மிகுந்ததால் மீன்களை விற்றுவிட்டார்கள். சுத்தத்தில் நாட்டமுள்ள குடும்பம் அது. வடிகட்டியிலிருந்த கடற்பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் எடுத்து, அவற்றில் படிந்திருந்த பழுப்பு நிற அழுக்கைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவினர். சிறிது பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊற வைத்து, மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி வைத்தனர். பொங்கல் கழிந்ததும் தொட்டிகளை நிரப்பி, அதே வடிகட்டிகளைப் பொருத்தி, 120 மீன் குஞ்சுகளை வாங்கி விட்டனர். ஐந்தாம் நாள் குஞ்சுகள் நீர்மட்டத்தில் வந்து வாய் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. பத்து நாட்களுக்குள் பாதிக்கு மேல் இறந்தன. குடும்பத்தார் குஞ்சு விற்றவரைக் குறை கூறினர். தண்ணீரைக் குறை கூறினர். குற்றம் இரண்டிலும் இல்லை. வெயிலில் உலர்ந்த அந்தக் கடற்பஞ்சிலேதான் குற்றம் இருந்தது. அவர்கள் அழுக்கு என்று தேய்த்துக் கழுவியதே அந்த வடிகட்டியின் உயிர்.

வடிகட்டியின் உண்மையான வேலை

வடிகட்டி என்றதும் நூலையும் தூசியையும் தடுத்து நிறுத்தும் சல்லடை நம் நினைவுக்கு வருகிறது. மீன் தொட்டியின் வடிகட்டியும் கழிவுத் துணுக்குகளைத் தடுத்து நிறுத்துவது உண்மையே. ஆனால் அது அதன் சிறிய வேலை. கண்ணுக்குத் தெரியாது நீரில் கரைந்திருக்கும் நஞ்சை மாற்றுவதே பெரிய வேலை.

மீன்கள் தம் உடற்கழிவில் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அமோனியாவாக வெளியிடுகின்றன. தின்னாமல் எஞ்சும் இரையும் அழுகி அமோனியாவையே தருகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது பரந்து கலைந்துவிடும். தொட்டியிலோ நாளுக்கு நாள் சேர்கிறது. அமோனியா முழுவதும் ஒரே அளவு நஞ்சன்று. நீரின் காரத்தன்மை மிகுந்தால் அதன் கொடுமையும் மிகும். வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் உள்ள நீரில் பி.எச். 7 ஆக இருந்தால், மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆக உயர்ந்தால் அது நூற்றில் ஐந்து பங்குக்கும் மேலாகிறது. காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரை உபயோகிப்போர் இதனை மனத்தில் கொள்ளுதல் நலம்.

இந்த அமோனியாவை இரு வகை பாக்டீரியாக்கள் படிப்படியாக மாற்றுகின்றன. முதல் வகையினம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே; மீனின் இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கி, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். இரண்டாம் வகையினம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டினால் மீன்களுக்கு விளையும் தீங்கு மிகக் குறைவு. அவ்வப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றினாலே அது மட்டுப்படும். அந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றினால் உரமுமாகும்.

இவ்வேலையைச் செய்பவை உயிர்களே என்பது எவ்வாறு அறியப்பட்டது என்பதும் நமக்குப் பாடமாகும். 1877-ல் பிரான்ஸ் தேசத்தில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் கழிவுநீரை மெல்ல வடியவிட்டனர். முதலில் மாறுதல் ஒன்றும் காணவில்லை. சுமார் இருபது நாட்களுக்குப் பின் வடிந்த நீரில் அமோனியாவுக்குப் பதிலாக நைட்ரேட் தோன்றியது. குழாயில் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாறுதல் நின்றுவிட்டது. அந்த ஆவியை அகற்றி, தோட்ட மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியபின் மீண்டும் தொடங்கியது. வேலை செய்தது மணல் அன்று. மணலில் குடியேறிய உயிர்களே என்பது இதனால் விளங்கிற்று. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அவ்வாராய்ச்சி இன்றும் முடிந்தபாடில்லை. 2015-ல் நெதர்லாந்து விஞ்ஞானிகள், மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஒரு வடிகட்டியிலிருந்தே, இரு படிகளையும் தாமே முடிக்கும் பாக்டீரியா இனங்களைக் கண்டறிந்தனர்.

உறைமோரும் வடிபொருளும்

கடற்பஞ்சு, பீங்கான் வளையம், சரளைக்கல் ஆகியவற்றை நாம் இங்கு வடிபொருள் என்று குறிப்போம். பாக்டீரியாக்கள் இவற்றின் மேற்பரப்பிலும் நுண்துளைகளிலும் மெல்லிய வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. தொட்டி நீரில் மிதந்து திரிபவை சிலவே. ஆகையால் பழைய தொட்டி நீரைக் குடத்தில் பிடித்து வைத்திருப்பதால் பயன் மிகச் சிறிது. காக்க வேண்டியது வடிபொருளையே.

நம் வீடுகளில் தயிர்ப் பானையைக் கழுவுமுன் உறைக்குச் சிறிது எடுத்து வைக்கிறோம். உறை தவறிவிட்டால் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்கிறோம். வடிபொருளும் அத்தகைய உறையே. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பாலை உறைய வைக்கும் உயிர்கள் ஓர் இரவிலே பல்கிப் பெருகிவிடும். வடிகட்டியிலுள்ள இவ்வுயிர்களோ மிக மெதுவாகவே பெருகுபவை. நல்ல நிலையிலும் இருமடங்காவதற்குப் பல மணி நேரமாகும். சில இனங்களுக்கு ஒரு நாளைக்கு மேலும் ஆகும். புதிய தொட்டி ஒன்று பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆவது இதனாலேயே. உறையை இழந்தவர் இழப்பது ஓர் இரவையன்று, ஒரு மாதத்தை.

அவை எவற்றால் மடிகின்றன?

முதலாவது, உலர்தல். சில பாக்டீரியா இனங்கள் கடினமான வித்துகளாக மாறி வறட்சியைத் தாங்கிக் கிடக்கும். வடிகட்டியின் பாக்டீரியாக்களுக்கு அந்த ஆற்றல் இல்லை. உலர்ந்தால் பெரும்பாலானவை மடியும். கடும் வெயிலின் ஒளியும் அவற்றுக்குப் பகை.

இரண்டாவது, குளோரின். குடிநீரில் நோய்க்கிருமிகளைக் கொல்ல இடப்படும் குளோரின் இந்த நல்ல உயிர்களையும் கொல்லும். குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து, அல்லது காற்றுப் பம்பினால் நன்கு காற்றூட்டி உபயோகிக்க வேண்டும். வெளுப்பு வேலைக்குப் பின் நூலில் எஞ்சும் குளோரினை ஹைப்போ இட்டு முறிப்பதை நம் நெசவாளர்கள் அறிவார்கள். மீன் வளர்ப்போருக்கென்று கடைகளில் விற்கும் குளோரின் நீக்கிகள் பலவற்றில் இருப்பதும் அதுவே.

மூன்றாவது, மூச்சுத் திணறல். இவை பிராணவாயுவின்றி வேலை செய்ய இயலாதவை. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற நாலரை கிராமுக்கு மேல் பிராணவாயு செலவாகிறது. வடிபொருளை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைப்போர் உண்டு. படிந்திருக்கும் கசடு அழுகும்போது பையிலுள்ள பிராணவாயு முழுவதும் விரைவில் தீர்ந்துவிடும். பின்னர் பையைத் திறந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அந்த நாற்றம் எழுந்தால் நல்ல உயிர்களில் பல மடிந்திருக்கும் என்று கொள்ளலாம்.

நான்காவது, அளவு கடந்த வெப்பமும் உறைபனிக் குளிரும். வெப்பம் மிகுந்த நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 டிகிரியிலோ சுமார் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். ஆகவே தகரக் கூரையின் கீழ் வடிபொருளை வைத்தல் தகாது.

பசியைப் பொறுத்தவரை இவ்வுயிர்கள் நாம் எண்ணுவதைவிடப் பொறுமையானவை. அமோனியா கிடைக்காத காலத்தில் தம் இயக்கத்தைச் சுருக்கிக்கொண்டு பல வாரங்கள் உயிரோடு இருக்கக் கூடியவை. எனவே பட்டினியினால் மடிவதைவிட, உலர்ந்தும் மூச்சுத் திணறியும் மடிவதே மிகுதி. ஈரம், காற்று, நிழல் ஆகிய மூன்றையும் முதலில் கொடுக்க வேண்டும். உணவு அதற்கு அடுத்ததே.

எடுத்து வைக்குமுன் செய்ய வேண்டுவன

தொட்டியைக் காலி செய்யும்போது ஒரு வாளியில் தொட்டி நீரையே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்நீரில் கடற்பஞ்சை இரண்டு மூன்று முறை மெல்லப் பிழிந்து, தளர்வாக உள்ள கசட்டை மட்டும் அகற்ற வேண்டும். பீங்கான் வளையங்களை அந்நீரில் அலசினால் போதும். தேய்த்தல், சோப்பிடுதல், வெந்நீர் ஊற்றுதல் ஆகியவை கூடா. கசட்டை அகற்றுவது ஏனெனில், தேங்கும் கசடு அழுகிப் பிராணவாயுவைத் தின்றுவிடும். வழவழப்பான மெல்லிய படலம் அப்படியே இருக்கட்டும். பழுப்பு நிறத்தைக் கண்டு வருந்த வேண்டுவதில்லை.

பாதுகாக்கும் மூன்று வழிகள்

முதல் வழியே தலைசிறந்தது. மீன் உள்ள வேறொரு தொட்டியில் வடிபொருளை இட்டு வைப்பதே அது. நான்கு தொட்டிகளில் மூன்றைக் காலி செய்தாலும், ஒன்றில் சில மீன்களை வைத்துக்கொண்டு, எல்லா வடிபொருளையும் அதன் வடிகட்டியிலோ, நீரோட்டமுள்ள மூலையிலோ வைக்கலாம். உணவும் காற்றும் தாமே கிடைக்கும். ஆனால் ஒன்று அறிய வேண்டும். இருக்கும் மீன்கள் தரும் அமோனியா எவ்வளவோ அவ்வளவுக்கே பாக்டீரியாக்கள் செழித்திருக்கும். ஆகவே மீண்டும் தொடங்கும்போது ஒரே நாளில் நான்கு தொட்டிகளையும் நிறைத்துவிடலாகாது.

இரண்டாவது வழி, காற்றூட்டிய வாளி. நிழலான இடத்தில் 10 லிட்டர் தொட்டி நீர் உள்ள வாளியில் வடிபொருளை மூழ்க வைத்து, காற்றுக்கல் ஒன்றை அடியில் இட்டுப் பம்பை இடைவிடாது ஓடவிட வேண்டும். கொசு புகாதபடி மெல்லிய துணியால் மூடலாம். உணவுக்கு அம்மோனியம் குளோரைடு இடலாம். ஈயம் பூசுவோர் உபயோகிக்கும் நவச்சாரம் என்பதும் இதுவே. ஆயினும் கடைச்சரக்கில் கலப்பு இருக்கக்கூடுமாதலால், ஆய்வுக்கூடங்களுக்கு விற்கும் சுத்தமான உப்பையே வாங்குதல் நலம். அதில் 3.8 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், வாளி நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் இடும்போது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் கிடைக்கும். பத்து லிட்டர் வாளிக்குப் பத்து மில்லிலிட்டர் போதும். முன் இட்டது தீர்ந்ததைச் சோதித்த பின்னரே அடுத்ததை இட வேண்டும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரைக் குளோரின் இல்லாத நீரால் மாற்ற வேண்டும். இவ்வுயிர்களின் வேலையால் நீரின் காரத்தன்மை சிறிது சிறிதாகக் குறையும். அதனை ஈடு செய்யவே இந்த மாற்றம்.

மூன்றாவது வழி, குளிர்ப்பெட்டி. இடைவிடாது பம்பை ஓட்ட இயலாதவர்கள், அலசிய வடிபொருளைத் தொட்டி நீரோடு அகன்ற பாத்திரத்தில் இட்டு, மூடியை இறுக்காமல், குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். பனிக்கட்டி உறையும் மேல் அறையில் வைக்கலாகாது. குளிரில் உயிர்களின் இயக்கம் அடங்கும். பிராணவாயுத் தேவையும் குறையும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து நீரைக் கலக்கிவிட வேண்டும். இது சில வாரங்களுக்கு ஏற்ற வழி. நாட்கள் நீள நீள உயிர் எஞ்சுவது குறைந்துகொண்டே போகும்.

மின்சாரம் நின்றால்

தொட்டி நடந்துகொண்டிருக்கும் காலத்திலும் இந்த அறிவு பயன்படும். மூடிய பெட்டி போன்ற வடிகட்டியில் மின்சாரம் நின்று நீரோட்டம் தடைப்பட்டால், உள்ளிருக்கும் பிராணவாயு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நெடுநேரம் மின்சாரம் வராதென்று தெரிந்தால், வடிகட்டியைத் திறந்து வடிபொருளை எடுத்துத் தொட்டி நீரிலேயே போட்டு, மின்கலத்தால் ஓடும் காற்றுப் பம்பை உபயோகிக்க வேண்டும். நெடுநேரம் நின்றிருந்த வடிகட்டியை அப்படியே ஓடவிட்டால், உள்ளே தேங்கிய கெட்ட நீர் முழுவதும் மீன்களின்மேல் பாயும். அந்நீரைக் கொட்டி, வடிபொருளைத் தொட்டி நீரில் அலசிய பின்னரே பம்பை முடுக்க வேண்டும்.

மீண்டும் தொடங்கும்போது

காத்து வைத்த வடிபொருள் உயிரோடு இருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. சோதனை ஒன்றே வழி. தொட்டியில் குளோரின் இல்லாத நீரை நிரப்பி, வடிபொருளைப் பொருத்தி, மீன் விடுமுன் மேற்கூறிய அளவில் அமோனியக் கரைசலை இட வேண்டும். 24 மணி நேரம் கழித்து, மீன் வளர்ப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துச் சோதனையால் அமோனியாவையும் நைட்ரைட்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையெனில் உறை உயிரோடு இருக்கிறது என்று பொருள். அமோனியா தீர்ந்து நைட்ரைட் எஞ்சியிருந்தால், இரண்டாம் படியைச் செய்யும் உயிர்கள் இன்னும் தேறவில்லை. சில நாள் பொறுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். அமோனியா குறையவேயில்லை எனில், தொட்டியைப் புதிய தொட்டியாகவே கருதி, பிறரிடமிருந்து சிறிது வடிபொருள் பெற்றுத் தொடங்க வேண்டும். சோதனை தேறிய தொட்டியிலும் முதல் வாரத்தில் கொள்ளளவில் கால் பங்கு மீன்களை விட்டு, இரையைக் குறைத்திட்டு, படிப்படியாகப் பெருக்குவதே அறிவுடைமை.

எல்லா வடிபொருளையும் காக்க வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. தொற்று நோயால் மீன்கள் மடிந்த தொட்டியின் வடிபொருளை வைத்துக்கொள்வது, நோயையும் உறையிட்டு வைப்பதாகும். அதனைப் பிளீச்சிங் பவுடர் நீரில் ஊற வைத்து, நன்கு கழுவி, வெயிலில் உலர்த்துவதே சரி. முன்னர்க் கூறிய குடும்பத்தார் செய்த வேலை இந்த இடத்திலேதான் பொருந்தும்.

சங்க அங்கத்தினர் செய்யக்கூடியது

பயறு, நிலக்கடலை விதைக்கு ரைசோபியம் பொட்டலம் வாங்கும் நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இச்செய்தி புதிதன்று. 200 கிராம் பொட்டலத்தை வெயிலில் போடாமலும், இரசாயன உரத்தோடு சேர்க்காமலும், காலம் கடக்குமுன் உபயோகிக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிவார்கள். அதிலும் கறுப்புப் பொடிக்கு நாம் விலை கொடுப்பதில்லை. அதிலுள்ள உயிருக்கே கொடுக்கிறோம். வடிபொருளுக்கும் அந்த மதிப்பைக் கொடுத்தால் போதும்.

மேலே கூறிய மூன்று வழிகளில் முதல் வழி கூட்டுறவுக்கே உரிய வழி என்பதை வாசகர் உணர்ந்திருப்பார்கள். எல்லோரும் ஒரே மாதத்தில் தொட்டியைக் காலி செய்வதில்லை. தறியில் நெருக்கடி உள்ளவரின் கடற்பஞ்சு, அறுவடை முடிந்து ஓய்ந்திருப்பவரின் தொட்டியில் இரண்டு மாதம் தங்கலாம். பின்னர் அவருடையது இவரிடம் வரலாம். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி அடையாளமிட்டு, கொடுத்த தேதியைக் குறித்து வைத்தால் குழப்பம் நேராது. தம் தொட்டியில் அண்மையில் நோய் கண்டிருந்தால் அதனை மறைக்காமல் சொல்லிவிடுவது மட்டும் ஒவ்வொருவரும் தவறாது காக்க வேண்டிய நாணயம். இரு தரப்பிலும் பணச் செலவு ஏதுமில்லை.

அந்த நெசவாளர் குடும்பத்தார் இவ்வாண்டு தீபாவளிக்கு முன் தம் கடற்பஞ்சுகளைத் தெருக்கோடியிலுள்ள மற்றோர் அங்கத்தினரின் தொட்டியில் விட்டு வைத்தனர். பொங்கலுக்குப் பின் எடுத்து வந்து, சோதித்து, முதலில் முப்பது குஞ்சுகளை விட்டனர். ஒரு வாரம் கழித்து இன்னும் முப்பது. இது எழுதும் வரை அவர்கள் இழந்தவை இரண்டே. அங்கத்தினர்கள் அனைவரும் தொட்டியைக் காலி செய்யும் நாளில், கை குழாயை நோக்கிச் செல்லுமுன், வடிபொருளை ஒரு கணம் நினைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.